ஆச்சியின் பாட்டுக்கு விதைநெல்: ஒலிக்கோப்பு வகைகளைப் புரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

ஒட்டுசுட்டானில் எங்கள் பெரியப்பாவிடம் ஒரு கசெற் இருந்தது. விடிய விடிய ஆடிய கூத்தொன்றின் ஒரு பகுதி அதில் பதிவாகியிருந்தது. 1990களில் பதிந்தது. வன்னிக்குள் பற்றரி வரத் தடை இருந்த காலம் அது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோ மின்னில் றேடியோ கேட்டவர்கள் நாங்கள். அந்தக் கசெற் ஒவ்வோர் இடப்பெயர்விலும் பொலித்தீனில் சுற்றி உடுப்புப் பைக்குள் எங்களோடு வந்தது. 2009க்குப் பிறகும் மிஞ்சியது. மீளக் குடியேறிய பின் அதை ஒரு கடையில் கொடுத்து எம்பி3 ஆக்கி, பென்டிரைவில் வாங்கினோம். கசெற்றைத் திருப்பி வாங்க வேண்டும் என்று அந்த நேரம் ஒருவருக்கும் தோன்றவில்லை. பிறகு போய்க் கேட்டபோது அது அங்கே இல்லை.

பல வருடம் கழித்து அந்தக் கோப்பை நல்ல ஹெட்போனில் கேட்டேன். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரின் சொற்கள் விளங்குகின்றன. கைத்தாளம் மட்டும் தண்ணீருக்குள் சில்லறையைக் குலுக்குவது போலக் கேட்கிறது. மத்தளத்தில் அடி விழும் அந்தக் கூர்மை இல்லை. சலங்கை எங்கேயோ தொலைந்துவிட்டது. கோப்பின் விவரத்தைத் திறந்து பார்த்தேன்: எம்பி3, செக்கனுக்கு 64 கிலோபிட். ஒரு செக்கன் ஒலிக்குக் கோப்பில் ஒதுக்கிய இடம் அவ்வளவுதான். கடைக்காரர் இடம் மிச்சப்படுத்தித் தந்திருக்கிறார். எங்களில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருந்தால், “வேவ் ஆகவும் ஒண்டு தாங்கோ அண்ணை” என்று, ஒலியில் ஒன்றும் கழிக்காத கோப்பு வகையைக் கேட்டிருப்போம். அவரும் தந்திருப்பார்.

இன்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு போன் இருக்கிறது. நெல் அறுக்கும்போது பாடும் அருவி வெட்டுப் பாட்டும், கதிரை மிதித்து நெல் பிரிக்கும்போது பாடும் சூடு மிதிக்கும் பாட்டும் வயலில் கேட்பதில்லை. வெட்டு மெசின் வந்து ஒரு பொழுதில் வயலை முடித்துவிட்டுப் போய்விடுகிறது. அந்தப் பாட்டுகள் இப்போது ஆச்சிமாரின் வாயில்தான் இருக்கின்றன. அவர்களைப் பதியப் போகிறவர்களுக்காக, இதற்கு முன் ஒலிக்கோப்பு பற்றி ஒன்றுமே அறியாதவர்களுக்காக, இதை எழுதுகிறேன்.

முதலில்: உங்களிடம் இருப்பது என்ன கோப்பு?

போனில் கோப்பு மேலாளரைத் திறந்து, ஏதாவது ஓர் ஒலிக்கோப்பை அழுத்திப் பிடித்து, அதன் விவரத்தைப் பாருங்கள். பெயரின் கடைசியில் ஒரு புள்ளியும் அதன் பின் மூன்று நான்கு எழுத்துகளும் இருக்கும். எம்பி3, எம்4ஏ, ஓபஸ், ஏஎம்ஆர், வேவ், ஃபிளாக் என்று அவை பலவாறு வரும். அந்த எழுத்துகள் சாக்கில் ஒட்டிய பெயர்த்துண்டு போன்றவை. துண்டை மாற்றி ஒட்டினால் உள்ளே இருக்கும் தானியம் மாறாது. எம்பி3 கோப்பின் பெயரில் வேவ் என்று எழுதினால் அது வேவ் ஆகிவிடாது. சில கருவிகளில் திறக்காமல் போகும், அவ்வளவுதான்.

கணினியில் விஎல்சி என்ற பிளேயர் இருந்தால் கோப்பைத் திறந்து, அதன் கோடெக் (ஒலியை எழுதிய முறை) தகவல் பகுதியைப் பாருங்கள். உள்ளே உண்மையில் என்ன இருக்கிறது என்று அது காட்டும். எம்4ஏ என்ற பெயருக்குள் ஏஏசி என்ற வகையும் இருக்கலாம், அப்பிளின் ஏலாக் என்ற வகையும் இருக்கலாம். முதலாவது ஒலியின் ஒரு பகுதியைக் கழித்துவிடும். இரண்டாவது ஒன்றையும் கழிக்காது. பெயர் ஒன்று, சங்கதி வேறு.

ஒலி எப்படி எண்ணாகிறது

இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தை ஓர் அளவுகோலில் பார்த்துக் கொப்பியில் எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். நாளுக்கு ஒரு தடவை பார்த்தால், இடையில் ஏறி இறங்கியது கொப்பியில் இராது. மணிக்கொரு தடவை பார்த்தால் அதுவும் விழும். கோலில் அடிக்கணக்கில் மட்டும் கோடு இருந்தால் சின்ன ஏற்றம் தெரியாது. அங்குலத்துக்கு அங்குலம் கோடிருந்தால் தெரியும்.

ஒலிப்பதிவும் இப்படித்தான். காற்றின் அழுத்தம் ஏறி இறங்குவதைக் கருவி பார்த்துப் பார்த்து எண்ணாக எழுதுகிறது. 1982இல் வந்த சீடி, செக்கனுக்கு 44,100 தடவை பார்க்கிறது. மனிதக் காது கேட்கக்கூடிய உச்சம் ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு அத்தனை அதிர்வு. ஓர் அதிர்வைப் பிடிக்க அதன் இரண்டு மடங்குக்கு மேல் பார்க்க வேண்டும் என்பது கணக்கு. அதனால்தான் 40,000ஐத் தாண்டிய அந்த எண். கோலில் எத்தனை கோடு என்பதை பிட் எண்ணிக்கை சொல்லும். 16 பிட் என்றால் 65,536 படிகள்.

இந்த எண்களை ஒன்றும் கழிக்காமல் அப்படியே வைத்தால் இரண்டு காதுக்குமாக நிமிடத்துக்கு 10 மெகாபைட்டுக்குச் சற்று மேல் வரும். ஒரு மணித்தியாலத்துக்கு 635 மெகாபைட் அளவு. ஒற்றைத் தடத்தில், அதாவது மொனோவில், அதில் பாதி. ஓர் ஆச்சி தனியே இருந்து பாடுவதற்கு மொனோ தாராளம். 32 ஜிகாபைட் கார்ட் ஒன்றில் அப்படி ஏறத்தாழ 100 மணித்தியாலம் பதியலாம். இடம் காணாது என்று பயந்து தரத்தைக் குறைக்கும் காலம் போய்விட்டது.

மூன்று குடும்பங்கள்

எத்தனை பெயர் இருந்தாலும் குடும்பம் மூன்றுதான். நெல்லை வைத்தே சொல்கிறேன்.

களத்திலிருந்து அள்ளி அப்படியே கொட்டி வைத்த நெல் முதலாவது. வேவ் இந்தக் குடும்பம். மைக்ரோசொப்ட்டும் ஐபிஎம்மும் 1991இல் கொண்டுவந்தது. அப்பிளின் ஏஐஎஃப்எஃப் இதற்கு அண்ணன் முறை, 1988இல் வந்தது. எந்தக் கணினியும் எந்த மென்பொருளும் வேவைத் திறக்கும். இடம் மட்டும் நிறையப் பிடிக்கும்.

அதே நெல்லைச் சாக்கில் இறுக்கிக் கட்டி அடுக்கியது இரண்டாவது. ஃபிளாக், ஏலாக் இரண்டும் இவ்வகை. சாக்கை அவிழ்த்தால் கொட்டியது கொட்டியபடியே ஒரு மணி குறையாமல் கிடைக்கும். ஃபிளாக் 2001இல் முழுமையாக வெளிவந்தது. எவரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். பெரும்பாலும் வேவ் பிடிக்கும் இடத்தில் பாதி அளவு போதும். அதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: உள்ளிருக்கும் ஒலியின் கைரேகை போன்ற ஓர் எண்ணைக் கோப்பு தன்னோடு வைத்திருக்கும். பத்து வருடம் கழித்து, பழைய ஹார்ட் டிஸ்க்கில் கிடந்த கோப்பு பழுதாகிவிட்டதா என்று அந்த எண்ணை வைத்துச் சோதிக்கலாம். வேவில் அப்படி ஒன்று இல்லை.

மூன்றாவது, அவித்துக் குத்திய அரிசி. எம்பி3, ஏஏசி, ஓபஸ், ஓக் வோர்பிஸ், டபிள்யூஎம்ஏ, ஏஎம்ஆர் எல்லாம் இதற்குள் அடங்கும். அரிசி சமைக்கலாம், சாப்பிடலாம், கனடாவிலிருக்கும் மாமிக்கும் அனுப்பலாம். ஆனால் அரிசியை விதைத்தால் முளைக்காது. எம்பி3ஐ வேவ் ஆக மாற்றினாலும் போன ஒலி திரும்பாது. கோப்புத்தான் பத்து மடங்கு பெருக்கும். அந்த எம்பி3ஐத் திரும்ப இன்னொரு எம்பி3 ஆக்கினால் இரண்டாம் தரமும் கழியும்.

எவ்வளவு பஞ்சத்திலும் எங்கள் ஆட்கள் விதைநெல்லில் கைவைக்க யோசிப்பார்கள். பதிவிலும் அப்படி ஒரு விதை இருக்க வேண்டும். முதல் பதிவு வேவ் அல்லது ஃபிளாக். மற்ற எல்லாம் அதிலிருந்து எடுக்கும் அரிசி.

எம்பி3 எதைக் கழிக்கிறது?

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எங்கள் ஒலிகள் அடிபடுவது இங்கேதான்.

எம்பி3 ஜெர்மனியின் ஃபிரான்ஹோபர் ஆய்வு நிலையத்தை மையமாகக் கொண்டு உருவானது. 1993இல் சர்வதேச நியமமாக வெளியானது. எம்பி3 என்ற பெயர் 1995இல் நிலைத்தது. அதன் அடிப்படை, காதின் ஒரு பலவீனம். வட்டப்பளை அம்மன் கோயில் பொங்கலில் லவுட்ஸ்பீக்கருக்குக் கீழே நிற்கும்போது பக்கத்தில் நிற்பவர் குசுகுசுப்பது கேட்காது. பெரிய ஒலி தனக்கு அருகில் உள்ள சுருதியில் வரும் சின்ன ஒலியை மறைத்துவிடும். எப்படியும் காதில் விழாது என்று கணித்த ஒலியை எம்பி3 விட்டுவிடுகிறது அல்லது கரடுமுரடாக எழுதுகிறது. செக்கனுக்கு எத்தனை கிலோபிட் கொடுக்கிறீர்களோ அதற்கேற்ப அதன் கத்தி ஆழமாகவோ மேலாகவோ இறங்கும்.

நிறைய வாத்தியம் சேர்ந்த பாட்டில் ஒன்றையொன்று மறைப்பதற்கு இடமுண்டு. தனிக்குரலில் மறைப்பு இல்லை. எம்பி3ஐ உருவாக்கியவர்களில் முதன்மையானவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பேர்க், சுசான் வேகா என்ற பாடகி பக்கவாத்தியம் எதுவுமின்றித் தனியே பாடிய ஒரு பாட்டில்தான் தன் முறையின் குறைகளைக் கண்டுபிடித்துத் திருத்தினார். அந்தக் குரலை அது சிதைத்தது. ஒப்பாரியும் தாலாட்டும் அதே வகை: ஒற்றைக் குரல், மூச்சு, விக்கல், அதைச் சுற்றி அமைதி. குறைந்த கிலோபிட்டில் முதலில் சாவது அந்த மூச்சு.

மத்தளம், உடுக்கு, பறை ஆகியவற்றுக்கு வேறு பிரச்சினை. எம்பி3 ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக எடுத்துக் கணக்கிடுகிறது. ஒரு துண்டின் நடுவில் திடீரென அடி விழுந்தால், கணக்கில் வந்த பிழை துண்டு முழுவதும் பரவுகிறது; அடிக்கு முன்னாலேயே ஒரு மங்கல் இரைச்சல் கேட்கும். அதனால் அடியின் முனை மழுங்குகிறது. தாளமும் சலங்கையும் மிக உயர்ந்த சுருதியில் ஒலிப்பவை. கிலோபிட் காணாதபோது எம்பி3 முதலில் வெட்டி எறிவது அந்த மேல்பகுதியைத்தான். எங்கள் கசெற்றுக்கு நடந்தது இதுதான்.

ஆகவே எம்பி3 எடுத்தால், பேச்சுக்கு மொனோவில் 64 போதும். தனிக்குரல் பாட்டுக்கு 128க்குக் கீழே போகாதீர்கள். கூத்துக்கு, வாத்தியத்துக்கு 192 அல்லது 256. 320 என்பது உச்சம். எம்பி3இன் காப்புரிமைகள் 2017உடன் முடிந்துவிட்டன. பழைய கார் செற், பென்டிரைவ் குத்தும் சின்ன ஸ்பீக்கர், கோயில் ஒலிபெருக்கிக்காரரின் பெட்டி என எல்லாம் எம்பி3ஐப் பாடும். கொடுப்பதற்கு இதைவிட வசதியானது இல்லை.

மற்றவை, சுருக்கமாக

ஏஏசி, எம்பி3க்குத் தம்பி. 1997இல் சர்வதேச நியமமானது. ஒரே கிலோபிட்டில் எம்பி3ஐவிடப் பொதுவாக நன்றாகக் கேட்கும். அநேக போன்களின் குரல் பதிவுச் செயலி எம்4ஏ என்ற பெயரில் இதைத்தான் தருகிறது.

ஓபஸ் 2012இல் வந்தது. இழப்புள்ள வகைகளில், குறைந்த கிலோபிட்டில் இதற்கு நிகர் இல்லை. வட்ஸ்அப்பில் மைக்கை அழுத்திப் பேசும்போது உருவாவது ஓபஸ் கோப்புத்தான். ஆனால் அங்கே அது பேச்சுக்காக மிக இறுக்கி நெரித்த ஓபஸ். “சுகமா பிள்ளை, சாப்பிட்டியா” என்று கேட்க நல்லது. பாட்டைப் பதிய வேண்டாம்.

ஏஎம்ஆர் பழைய பட்டன் போன்களில் இருக்கும். சிலவேளை 3ஜிபி என்ற பெயரில் ஒளிந்திருக்கும். செக்கனுக்கு 8,000 தடவை மட்டுமே பார்க்கும். ஆகவே 4,000 ஹேர்ட்ஸுக்கு மேலே உள்ள எதுவும் அதில் இருக்க முடியாது. இருந்தும் ஒன்று சொல்ல வேண்டும்: உங்களிடம் இறந்துபோன ஒருவரின் குரல் ஏஎம்ஆரில் மட்டும் இருந்தால், அதுதான் உங்கள் விதைநெல். அதை மாற்றிவிட்டு அழிக்காதீர்கள். உள்ளபடியே வைத்து, கேட்பதற்கு மட்டும் ஒரு எம்பி3 எடுங்கள்.

டபிள்யூஎம்ஏ பழைய விண்டோஸ் கணினிகளில் கிடைக்கும். புதிதாக அதில் எதையும் பதிய வேண்டிய தேவை இல்லை.

போனை ஆயத்தப்படுத்தல்

குரல் பதிவுச் செயலியின் அமைப்பைத் திறந்து, தரம் அல்லது கோப்பு வகை என்ற இடத்தைத் தேடுங்கள். வேவ் இருந்தால் அதைத் தெரிவு செய்யுங்கள். 44,100 அல்லது 48,000, 16 பிட்; 24 பிட் கிடைத்தால் இன்னும் நல்லது. ஐபோனில் குரல் குறிப்புகளுக்கான அமைப்பில் ஒலித்தரம் என்ற இடத்தில் இழப்பில்லாத தெரிவு உண்டு. உங்கள் செயலியில் வேவ் இல்லாவிட்டால் வேவ் தரும் வேறொன்றை இறக்குங்கள். அதுவும் முடியாவிட்டால் எம்4ஏயிலேயே ஆகக் கூடிய தரத்தில் பதியுங்கள். அதன்பின் அந்த எம்4ஏயே முதற்பிரதி. அதை ஃபிளாக் ஆக்குவதில் பயனில்லை.

இரைச்சலைக் குறைக்கும் வசதி இருந்தால் நிறுத்திவிடுங்கள். அது உடுக்கையும் இரைச்சல் என்று நினைக்கும்.

சார்ஜ் நிரப்பிக்கொண்டு போங்கள். பதிவின் நடுவில் போன் அணைந்தால், எம்4ஏ வகையில் முழுக் கோப்புமே திறக்காமல் போகலாம். அதைத் திறப்பதற்குத் தேவையான அட்டவணையைச் செயலி கடைசியில்தான் எழுதும். வேவ் அப்படி நடுவில் அறுந்தாலும், ஓடாசிட்டி போன்ற, ஒலியைப் பதிந்து திருத்தும் மென்பொருளில் வெறும் தரவாக இறக்கி மீட்க வாய்ப்பிருக்கிறது. கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் வேவை நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விடிய விடிய நடக்கும் கூத்தைப் பதிபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சாதாரண வேவ் கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்டாது. 48,000, 24 பிட், ஸ்டீரியோவில் அது ஏறத்தாழ 4 மணித்தியாலத்தில் நிரம்பிவிடும். மணிக்கொரு தடவை, ஒரு பாத்திரம் உள்ளே போய் அடுத்தது வருமுன், நிறுத்தித் திரும்பத் தொடங்குங்கள்.

கசெற் வைத்திருப்பவர்களுக்கு

உங்கள் வீட்டில் இன்னும் கசெற் மிஞ்சியிருந்தால் அதை முதலில் செய்யுங்கள். காந்தப் பூச்சு நாளுக்கு நாள் உதிர்கிறது. நன்றாக ஓடும் பிளேயரின் ஹெட்போன் துவாரத்திலிருந்து கணினியின் ஒலி உள்வாங்கும் துவாரத்துக்கு வயர் கொடுத்து, ஓடாசிட்டியில் பதியலாம். ஓடாசிட்டி இலவசம். பிளேயரில் நாடா உரசிப் போகும் ஹெட்டை முதலில் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள். ஒலி அளவைக் காட்டும் பட்டை உச்சியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உச்சியில் நசுங்கிய ஒலியை எந்தக் கோப்பு வகையும் திருத்தாது. உலக ஒலி, ஒளி ஆவணகங்களின் சங்கம் இப்படியான பாதுகாப்புப் பதிவுக்குக் குறைந்தது 48,000, 24 பிட் என்று சொல்கிறது. இரைச்சலை நீக்கும் வேலையைப் பிரதியில் செய்யுங்கள், முதற்பதிவில் செய்யாதீர்கள். கடையில் கொடுத்தால் வேவ் அல்லது ஃபிளாக் கேளுங்கள். கசெற்றைக் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

வைப்பதும் அனுப்புவதும்

அன்று இரவே போனிலிருந்து கணினிக்கு வயர் மூலம் எடுங்கள். கோப்புக்குப் பெயர் வையுங்கள்: வருடம், மாதம், திகதி, ஊர், பாடியவர், பாட்டின் வகை. “புதிய பதிவு 17” என்ற பெயரில் கிடக்கும் கோப்பு உங்கள் பிள்ளைக்கு ஒன்றும் சொல்லாது. ஓடாசிட்டியில் வேவைத் திறந்து ஃபிளாக் ஆக ஏற்றுமதி செய்யுங்கள்; அதே இடத்தில் எம்பி3உம் எடுக்கலாம். முதற்பதிவு இரண்டு இடத்திலாவது இருக்கட்டும். ஒன்று உங்கள் வீட்டில், மற்றது வேறு ஊரில், வேறு கூரையின் கீழ். ஒரே பையில் எல்லாவற்றையும் வைத்து இழந்தவர்கள் நாங்கள். பொதுவில் பகிர விருப்பமும் பாடியவரின் சம்மதமும் இருந்தால், 2005இலிருந்து ஈழத்து எழுத்துகளைச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தின் ஆவணகம் தளத்தில் ஒலிப்பதிவுகளுக்கும் இடமுண்டு.

வட்ஸ்அப்பில் அனுப்பும்போது டொக்கியூமென்ட் என்ற வழியால் கோப்பை இணையுங்கள். அப்படிப் போனால் கோப்பு உள்ளபடி போகும். ஒரு போனில் பாடவிட்டு, மற்றப் போனின் மைக்கை அழுத்திப் பிடித்து அனுப்புவதைப் பலர் செய்கிறார்கள். அதில் ஸ்பீக்கரின் குறை, அறையின் எதிரொலி, நெரித்த ஓபஸ் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறும்.

பிறகுதான் ஆச்சியிடம்

இவ்வளவும் ஆயத்தமான பிறகு போங்கள். வெயில் தாழ்ந்த நேரம் நல்லது. கோழி, மோட்டர், தகரக் கூரையில் விழும் மழை எல்லாம் குரலோடு சேர்ந்து பதியும். மாமர நிழலில் இருந்தால் எதிரொலி இராது. அழைப்பு வராதபடி போனில் விமானப் பயன்முறையைப் போட்டுவிட்டு, ஆச்சியின் வாயிலிருந்து ஒரு முழத்துக்குள், ஒரு மடித்த துவாயின் மேல் வையுங்கள். பதிவைத் தொடங்கியதும் திகதி, ஊர், அவவின் பெயர், பதிவதற்கு அவவின் சம்மதம் ஆகியவற்றை வாயாலேயே சொல்ல வையுங்கள். கோப்பின் பெயர் அழிந்தாலும் அந்தச் சொல் உள்ளே இருக்கும். பாட்டு முடிந்ததும் உடனே நிறுத்தாமல் பத்துச் செக்கன் விடுங்கள். பெரும்பாலும் அந்த இடத்தில்தான், “இதை என்ர ஆச்சி சூடு மிதிக்கேக்க படிக்கிறவ” என்று கதை தொடங்கும்.

எழும்பி வருமுன் கோப்பைத் திறந்து, விவரத்தில் வேவ் என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஹெட்போனை ஆச்சியின் காதில் மாட்டி முழுவதையும் கேட்க விடுங்கள். எந்த அடி தவறியது என்று அவவே சொல்லுவா, அந்த அடியைத் திருப்பிப் படிப்பா. அதையும் பதியுங்கள்.